அவரும் நானுமா, அவரோ நானோவா? இருவர் பெயரில் ஒரே வங்கிக் கணக்கு

கேள்வி, 2-3-2025

திருமணமாகி எட்டு மாதம். இருவரும் வேலைக்குப் போகிறோம். என் தனிக் கணக்கை மூடிவிட்டு இருவர் பெயரிலும் ஒரே கணக்கு வைத்துக்கொள்ளலாம், இரண்டு சம்பளமும் அதில் வந்து விழட்டும் என்கிறார் கணவர். யோசிக்கிறேன் என்றேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இப்படிக் கணக்கு வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3-3-2025, இரவு 10.20

பதினான்கு வருடமாக வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அந்த நம்பிக்கை வசனத்தைப் பேசியது நான். யோசிக்க வேண்டும் என்றது அவர்.

முதலில் அந்தப் பேச்சை ஓரம் கட்டுங்கள். வங்கிப் படிவத்தில் நம்பிக்கைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. அங்கே இருக்கும் கட்டம் வேறு: கணக்கை இயக்குவது யார்? இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாமா, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியுமா? நாங்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. ஊழியர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தோம். ஆறு வருடம் கழித்து அந்தக் கட்டம் எங்கள் காலை வாரியது. மீதியை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

4-3-2025

அந்தக் கட்டத்தைப் பற்றி.

ஜெர்மன்காரர்கள் இதைப் பெயராகவே வைத்துவிட்டார்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும் என்றால் அது 'ஓடர் கோன்டோ'. இருவரும் போட வேண்டும் என்றால் 'உன்ட் கோன்டோ'. ஓடர் என்றால் அல்லது, உன்ட் என்றால் மற்றும், கோன்டோ என்றால் கணக்கு. பிரான்சிலும் இதே கதைதான். கணக்கின் தலைப்பில் 'திருவாளர் அல்லது திருமதி' என்று இருந்தால் ஒரு வகை, 'திருவாளர் மற்றும் திருமதி' என்று இருந்தால் இன்னொரு வகை. நடுவில் இருக்கும் அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நமக்குத் தனிச் சொல்கூட வேண்டாம், எழுத்தை ஒட்டினாலே போதும். அவரும் நானும். அவரோ நானோ.

காதுக்கு இனிமையாக இருப்பது உம். மாட்டிவிடுவதும் அதுதான். எங்களுடையது உம் கணக்கு. மாதத்தில் ஒரு நாள் இரவு இருவரும் உட்கார்ந்து அந்த மாதக் காசோலைகளில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். அப்போது அது ரொம்ப அழகாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

5-3-2025

ஆறாம் வருடம் நடந்தது இது. அவருக்கு வயிற்றில் அவசர அறுவை சிகிச்சை. முன்பணம் கட்டச் சொன்னார்கள். மாதக் கடைசி, என் சம்பளக் கணக்கில் இருந்தது பாதிக்குக்கூட வராது. பொதுக் கணக்கில் தாராளமாக இருக்கிறது. காசோலையை எழுதி எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினேன்.

"சார் கையெழுத்து இல்லையே மேடம்."

"அவருக்காகத்தான் இந்தப் பணமே."

"புரியுது மேடம். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்னு இருக்கு."

திரும்பி ஓடி வந்தேன். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள், அரை மயக்கத்தில் இருந்தார். வலது புறங்கையில் ஊசி, அதன் மேல் பிளாஸ்டர். காசோலைப் புத்தகத்தை என் உள்ளங்கையில் வைத்துத் தாங்கிப் பிடித்து, அவர் இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, அடியில் ஒரு கோடு இழுப்பார். அதுதான் அவர் கையெழுத்து. சுழி வந்தது. கோடு காசோலையின் விளிம்பைத் தாண்டி என் கட்டைவிரல் மேல் ஏறிப் போனது.

வங்கியில் அதைத் திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விளிம்பைத் தாண்டிப் போகிற கையெழுத்தை நானாக இருந்தாலும் ஏற்றிருக்க மாட்டேன். கடைசியில் என் அக்கா தன் கணக்கிலிருந்து அனுப்பினாள். அது அவள் ஒருத்தி பெயரில் மட்டும் இருந்த கணக்கு என்பதை அன்றைக்கே மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

5-3-2025, கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. அவர் தேறி வந்ததும் செய்த முதல் வேலை, உம் கணக்கை ஓ கணக்காக மாற்றியது. அதற்கும் இருவர் கையெழுத்து கேட்டார்கள். நியாயம்தானே.

8-3-2025

ஓ கணக்காக மாறியதும் வாழ்க்கை சுலபமானது, கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. ஆளுக்கொரு அட்டை. யார் செலவு செய்தாலும் இருவர் போனுக்கும் குறுஞ்செய்தி. அவர் முடி வெட்டிக்கொண்டால் என் போன் அதிரும். அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் துள்ளும், எடுத்துப் பார்த்தால் வீட்டில் ஒருவருக்கு முடி வெட்டியாகிவிட்டது. என் பக்கமும் அப்படித்தான். தைக்கக் கொடுத்த துணிக்கு நான் கூலி கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒளிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஒரு செருப்பு வாங்கும்போது, இது அங்கே அதிருமே என்று நினைத்துக்கொண்டே வாங்குவது வேறு மாதிரி வாங்குவது. இரண்டு ஜோடி பிடித்திருந்தால் ஒன்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கேள்வியை அவருக்குப் பதிலாக நானே கேட்டுக்கொண்டேன்.

பரிசு விஷயம் இதைவிட வேடிக்கை. பத்தாவது திருமண நாளுக்கு எனக்குத் தெரியாமல் கைக்கடிகாரம் வாங்க நினைத்திருக்கிறார். அட்டையைத் தேய்த்தால் கடைப்பெயர் எனக்கு வந்துவிடும் என்று ரொக்கமாக எடுத்தார். மூன்று சனிக்கிழமை, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பெரிய தொகை. எனக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது. பதினைந்து நாள் வாயைத் திறக்காமல் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டிருந்தேன். பெட்டியைக் கையில் கொடுத்ததும் அழுதுவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

9-3-2025

ஓ கணக்கு என்றால் ஒருவரே முழுப் பணத்தையும் வழித்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகலாம். வங்கி தடுக்காது. யார் போட்ட பணம் என்பது அதற்குத் தேவையில்லாத சங்கதி, கையெழுத்து சரியாக இருந்தால் கொடுத்துவிடும். அப்புறம் அது யாருக்குச் சேரும் என்பது நீதிமன்றத்தின் வேலை. 1951இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. கணவனும் மனைவியும் வருமானத்தைப் பொதுக் கணக்கில் போட்டு வந்தார்கள், அதிகம் போட்டது கணவன். அதிலிருந்து எடுத்துத் தன் பெயரில் முதலீடு செய்துகொண்டார். மணமுறிவுக்குப் பிறகு மனைவி கேட்டார். ஒரே பணப்பையாக நடத்திவிட்டு, பிறகு உட்கார்ந்து யார் எவ்வளவு போட்டார்கள் என்று பிரிக்க முடியாது, பாதிப் பாதி என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். எல்லா நாட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

கடனுக்கும் இதே கதைதான். இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி அந்தக் கணக்கில் இருந்து, ஒருவர் எடுத்துத் தீர்த்துவிட்டால், பொதுவாக வங்கி முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும். "நான் எடுக்கலையே" என்ற பதில் செல்லாது. தேவையில்லை என்றால் அந்த வசதியையே வாங்காதீர்கள்.

சண்டை முற்றினால் ஒருவர் வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து சொன்னால்தான் பணம் நகரும் என்று பல வங்கிகள் நிறுத்திவைத்துவிடும். அதாவது கடைசியில் திரும்பவும் உம்.

15-3-2025

"ஆளுக்குப் பாதி போட்டால் தீர்ந்தது" என்று மேலே எழுதியவருக்கு. உங்கள் இருவர் சம்பளமும் ஒன்றா?

அவருக்கு மாதம் 100 பங்கு வருகிறது, எனக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் செலவு 80. ஆளுக்கு 40 போட்டால் அவர் கையில் 60 மிஞ்சும், என் கையில் 20. பாதிப் பாதி என்ற பெயரில் அவரிடம் என்னைப் போல மூன்று மடங்கு மிச்சம். வருமான விகிதப்படி போட்டால் அவர் 50, நான் 30. மிச்சம் அவருக்கு 50, எனக்கு 30. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பாதிப் பாதிதான் ஓடியது. அதைச் சமத்துவம் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் இந்த விகிதக் கணக்கும் ஒரு இடத்தில் படுத்துவிடும். குழந்தை பிறந்த பிறகு இரண்டரை வருடம் நான் வேலைக்குப் போகவில்லை. 100க்கு 0. விகிதப்படி என் பங்கு 0, மிச்சமும் 0. வேறு வழியில்லாமல் எல்லாம் ஒரே கணக்கு என்றானது.

அந்த இரண்டரை வருடத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைத்தேன், மற்றதெல்லாம் முன்னால் வந்து நின்றுகொண்டது. கணக்கில் என் பெயர் இருந்தது. அது ஓ கணக்கு. அட்டை என் கைப்பையில் இருந்தது, ரகசிய எண் என் தலைக்குள் இருந்தது. இருந்தும் ஒரு புடவை எடுக்க, ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் பணம் வைக்க, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பேன். முதல் தடவை அவர் நிமிர்ந்து பார்த்து, "இதையெல்லாம் எதுக்குக் கேக்கறே?" என்றார். நாலைந்து தடவைக்குப் பிறகு நிமிராமலே "ம்" என்றார். அந்த "ம்" என்னை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அனுமதி கேட்டதும் நான், அது கிடைத்ததில் கூசிப்போனதும் நான். அவர் வெறுமனே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இருக்கும் கையெழுத்து வேறு, கை நீளுவது வேறு. இதற்கு எந்த வங்கியிலும் படிவம் இல்லை.

16-3-2025

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் ஒன்று: "அந்தக் காலத்துப் பெண்கள் கணக்கே இல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள்." இருந்திருக்கலாம். பிரான்சில் 1965இல் சட்டம் மாறும் வரை, மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. அமெரிக்காவில் பெண் என்பதற்காகவோ மணமானவள் என்பதற்காகவோ கடன் தர மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1974இல். என் அக்கா அதற்கு முன்பே பிறந்துவிட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்றால் பற்றிக்கொண்டு வந்தது, இங்கிலாந்தில் 1943இல் வந்த தீர்ப்பு. வீட்டுச் செலவுக்குக் கணவன் கொடுத்த பணத்தில் மனைவி மிச்சம்பிடித்துச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சேமிப்பு யாருக்கு? கணவனுக்கே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கொடுத்த பணம் அவனுடையது, செலவாகாத மிச்சமும் அவனுடையது. 1964இல் சட்டம் கொண்டுவந்துதான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது இருவருக்கும் பாதிப் பாதி என்று ஆக்கினார்கள். கவனியுங்கள், அப்போதும் முழுசும் அவளுக்கு இல்லை.

சிறுவாடு என்ற சொல் நம்மிடம் ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். சிறுவாடு சேர்ப்பவளை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, ஏனென்றால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

22-3-2025

ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, அதுவும் உங்கள் கணவர் பக்கம். நுகர்வோர் ஆய்வுக்கான ஓர் அமெரிக்க ஆய்விதழில் 2023இல் வந்தது. நிச்சயமானவர்கள், புதிதாக மணமானவர்கள் என்று 230 ஜோடிகள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஒரே கணக்குக்கு மாறச் சொன்னார்கள், ஒரு பகுதியினரைத் தனித்தனிக் கணக்கிலேயே இருக்கச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கவனித்தார்கள். மற்ற இரு பகுதியினருக்கும் புதுமண மகிழ்ச்சி வழக்கம்போல மெல்லக் குறைந்தது. ஒரே கணக்குக்கு மாறியவர்களுக்கு அது பெரிதாகக் குறையவில்லை. பணத்தை நிர்வகிப்பதில் நாம் ஒரே பக்கம் என்ற எண்ணமும், உன்னுடையது என்னுடையது என்று எண்ணிப் பார்க்காமல் செய்வதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

குலுக்கல் முறை என்பதால் இதை லேசில் தள்ள முடியாது. ஏற்கெனவே ஒற்றுமையாக இருப்பவர்கள்தானே ஒரே கணக்கு வைக்கிறார்கள் என்று நான் தயாராக வைத்திருந்த பதில் இங்கே எடுபடவில்லை. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டு வருடம். எங்களுக்கும் முதல் இரண்டு வருடம் தேன்தான். ஆறாம் வருடம் வந்து எங்களை ஆராய்ந்திருக்கலாம். பத்தாம் வருடமும்.

30-3-2025, இரவு

8ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்று முறை பெரிய தொகையா, ஒரு கைக்கடிகாரத்துக்கா? வைரம் பதித்ததா?"

மூன்று வாரமாக அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. கடிகாரத்துக்கு ஆனது ஒரு சனிக்கிழமைப் பணம்தான். மற்ற இரண்டும் அவர் தம்பிக்குப் போனது. தொழில் முடங்கியிருந்த நேரம். "அண்ணிக்குத் தெரிய வேண்டாம்" என்று தம்பி கேட்டிருக்கிறார், இவரும் சரி என்றிருக்கிறார். பெட்டியைக் கையில் வாங்கிய அன்றைக்கு மூன்றுக்கும் அதுதான் காரணம் என்று நம்பினேன், நம்பி அழுதேன். கடிகாரத்தின் விலைச்சீட்டு ஒரு மாதம் கழித்துச் சட்டைப் பையில் கிடைத்தது. துவைக்கப் போடும் முன் பைகளைத் துழாவுவது என் வேலை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே மனக்கணக்குப் போட்டேன். இரண்டு சனிக்கிழமை மிச்சம் நின்றது.

கேட்டேன். சொல்லிவிட்டார், உடனே, ஒரு வார்த்தை மறைக்காமல். கொடுத்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டிருந்தால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். புடவைக்கு நான் "எடுத்துக்கட்டுமா" என்று கேட்ட அதே கணக்கிலிருந்து, அதைப் போல எத்தனையோ மடங்கைக் கேட்காமல் எடுக்க அவர் கைக்கு முடிந்திருக்கிறது. அதுதான் சுட்டது. மூன்று நாள் பேசவில்லை. பிறகு ஒரு விதி வைத்தோம், இன்றுவரை இருக்கிறது: ஒரு வாரச் சம்பளத்துக்கு மேலே போனால், எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். கேட்க வேண்டாம், சொன்னால் போதும்.

இங்கே ஏன் முதலில் கடிகாரக் கதையாக மட்டும் எழுதினேன்? நன்றாக இருந்தது, அதனால்தான். பத்துப் பேரிடம் இப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

31-3-2025

தம்பி திருப்பிக் கொடுத்தாரா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். பாதி.

6-4-2025

அவர் இந்தக் குறிப்புகளை எல்லாம் படித்துவிட்டார். நான்தான் காட்டினேன், தம்பி விஷயத்தை எழுதிவிட்டு மறைப்பது நன்றாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்கிறார்.

ஒன்று, அவர் காசோலையில் கையெழுத்துப் போட்டது வலது கையால். ஊசி இருந்தது இடது புறங்கையில். கோணலுக்குக் காரணம் மருந்து. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறார், அது வயிற்றில் இருக்கிறது, கைக்கு என்ன சாட்சி என்றேன். ஆனால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். எத்தனை வருடமாகத் தப்பான கையை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். என் கட்டைவிரல் மேல் ஏறிய கோடு மட்டும் நிஜம், அதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாவது திருத்தம் எனக்கு வலிக்கிறது. நாங்கள் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்று முதல் நாள் எழுதியிருந்தேன் அல்லவா? "படிக்காம போட்டது நான். நீ படிச்சே. ரெண்டு பேரும் சேர்ந்துங்கற கட்டத்துல டிக் போட்டதே நீதானே" என்கிறார். இல்லவே இல்லை என்றேன். "பேனா தீர்ந்து போச்சு, என் பேனாவை வாங்கிப் போட்டே" என்றார். பேனா சமாச்சாரத்தைச் சொன்னதும் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பச்சை மை.

ஆக, நம்பிக்கை இல்லையா என்று அவரிடம் வசனம் பேசிய நானே, அவர் தனியாக ஒரு காசும் எடுக்க முடியாதபடி பச்சை மையில் டிக் அடித்திருக்கிறேன். ஆறு வருடம் கழித்து அந்த டிக்கோடுதான் அன்றைக்கு வங்கிக்கும் அவர் படுக்கைக்கும் நடுவே ஓடியிருக்கிறேன். காலை வாரியது கட்டம் என்று எழுதினேனே, அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

6-4-2025, அவர் தூங்கிய பிறகு

நியாயம் என்றால் இதையும் எழுத வேண்டும். இது அவருக்குத் தெரிந்ததுதான், ஆனால் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதக் கூச்சம்.

திருமணத்துக்கு முன்பே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை மூடவில்லை. இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், ஏதோ பழைய கணக்கு, காலியாகக் கிடக்கிறது என்று நினைத்திருந்தார். நானும் அப்படியே நினைக்க விட்டேன். திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்த மாதத்திலிருந்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தேன். குறுஞ்செய்தி ஒரு பழைய எண்ணுக்குப் போகும், அந்தச் சிம் அட்டை நகைப்பெட்டியில் கிடக்கும். சிறுவாடு என்று 16ஆம் தேதி அவ்வளவு விவரமாக எழுதியவள் சும்மாவா எழுதினாள்?

தம்பி விஷயத்தில் நான் கொதித்து அடங்கி ஒரு வருடம் இருக்கும். அந்த வங்கியிலிருந்து வருட முடிவில் ஒரு கடிதம் வந்தது. நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது மேசை மேல் இருந்தது, பிரிக்காமல். பறக்காமல் இருக்க அதன் மேல் என் கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். உறையின் ஜன்னல் வழியே என் பெயர் மட்டும் தெரிந்தது. என் பெயர் மட்டும்.

அவர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன். எதையாவது சொல்லத் தொடங்குவதற்குள், தலையைத் திருப்பாமல், "வட்டி எவ்வளவு தர்றாங்க?" என்றார்.

சொன்னேன். "நம்ம கணக்கைவிட அதிகமா இருக்கே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் சண்டை போட்டிருக்கலாம், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது மூன்று கணக்கு. பொதுவில் ஒன்று, அது ஓ. விகிதப்படி போடுகிறோம். அப்புறம் ஆளுக்கொன்று தனியாக. அதில் என்ன நடக்கிறது என்று மற்றவர் கேட்பதில்லை. முடி வெட்டும் செலவு அந்தப் பக்கம் போய்விட்டது. போன் அதிர்வது நின்றதும் முதல் சில மாதம் என்னவோ வெறுமையாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

19-4-2025

இரண்டு விஷயம், சுருக்கமாக.

ஒருவர் இறந்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கை வங்கி நிறுத்திவைத்துவிடும், உரிய காகிதங்கள் வரும் வரை. உயிருடன் இருப்பவருக்குத் தரலாம் என்ற வாசகத்தோடு இருவர் பெயரில் இருந்தால் மற்றவருக்குக் கொடுத்துவிடும். ஆனால் வங்கி கொடுப்பது வேறு, பணம் யாருக்குச் சேரும் என்பது வேறு. மற்ற வாரிசுகள் கேட்கலாமா கூடாதா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். என் தனிக் கணக்கு எங்கே இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவருக்குத் தெரிந்த இடத்தில் வைத்திருக்கிறேன். நகைப்பெட்டிதான். சிம் அட்டை இருந்த அதே மூலை.

இன்னொன்று முதல் பெயர். படிவத்தில் முதல் கணக்குதாரர், இரண்டாம் கணக்குதாரர் என்று இருக்கும். யோசிக்காமல் அவரை முதலில் எழுதிவிட்டோம். பதினான்கு வருடமாக அந்தக் கணக்கின் கடிதம் எல்லாம் அவர் பெயருக்கே வருகிறது. ஒருமுறை நான் போன் செய்து ஒரு விவரம் கேட்டதற்கு, "முதல் கணக்குதாரரைப் பேசச் சொல்லுங்க" என்றார்கள். அந்த வருடம் அவரைவிட அதிகமாகப் போட்டவள் நான். போனை அவர் கையில் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் அதையே திருப்பிச் சொன்னார், குரல் மட்டும் அவருடையது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம். அதற்கும் இருவரும் நேரில் போக வேண்டுமாம்.

20-4-2025

கணவன் மனைவி என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதுவே உம்மைத்தொகை. உம் இருக்கும், வெளியே தெரியாது. நேற்று மகளுக்கு இலக்கணப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பிடிபட்டது. வங்கிக்காரர்களிடம் சொன்னால் கேட்கவா போகிறார்கள்.

11-5-2025

கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. தனிக் கணக்குகளை மூடவில்லை, பொதுவில் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டோம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கட்டத்தில் இருவரும் சேர்ந்தே டிக் போட்டோம், கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இப்போது சரியாகிவிட்டார் என்கிறார்.

எல்லாம் சரி. முதல் பெயர் யாருடையது என்று சொல்லவில்லையே?